அப்பத்தா சொன்னதை அப்படியே எழுதலாமா? உண்மைக் கதை எழுதுறவங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கிரியேட்டிவ் நான்ஃபிக்ஷன், அபுனைவு, அல்புனைவு, எந்தப் பேரு வச்சாலும் வேலை ஒண்ணுதான். நடந்த விஷயத்தை, நடந்த ஆளுங்களை வச்சு, சிறுகதை படிக்கிற மாதிரி எழுதணும், ஆனா ஒரு வரி கூட இட்டுக்கட்டக் கூடாது. கேக்க ஈஸியா இருக்கும்.

நான் எங்க அப்பத்தாவோட 1964 புயல் ராத்திரிய எழுதி முடிக்க எட்டு மாசம் ஆச்சு, அதுல ஆறு மாசம் தப்பான வழியில போனது. அதுக்கப்புறம் தெரிஞ்சவங்க, அவங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு நெறைய பேரு எழுதினதைப் படிச்சு பாத்துட்டேன், முக்கால்வாசி பேரு விழுந்தது நான் விழுந்த அதே பள்ளத்துலதான். முதல்ல எழுத உக்காந்துடுறாங்க. எழுதுறது இதுல கிட்டத்தட்ட கடைசி வேலை. அதனால கீழ இருக்குற வரிசைய மாத்தாம போங்க.

1. கையில என்ன இருக்கணும்

ஒரு போன், அதுல வாய்ஸ் ரெக்கார்டர். ஒரு நோட்டு. அவ்ளோதான், புது லேப்டாப்லாம் வேணாம்.

நோட்டுல ஒவ்வொரு பக்கத்தையும் மூணா கோடு போட்டு பிரிச்சுக்கோங்க: "அவங்க சொன்னது", "நானே பாத்தது", "காகிதத்துல இருக்குறது". எந்தத் தகவல் வந்தாலும் இந்த மூணுல ஒண்ணுலதான் போய் உக்காரணும். எதுலயும் உக்காரலன்னா அது உங்க கற்பனை. ஆறு மாசம் கழிச்சு எது கேட்டது, எது நீங்களா நெனச்சுக்கிட்டதுன்னு உங்களுக்கே தெரியாம போயிடும், அதுக்குத்தான் இந்தக் கோடு. எனக்கு அப்படித்தான் ஆச்சு, ஒரு சிம்னி விளக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரியல, கடைசில அது நான் சின்ன வயசுல பாத்த ஏதோ படத்துல வந்த விளக்கு.

ரெக்கார்டிங்கை அன்னிக்கே இன்னொரு இடத்துல காப்பி எடுத்து வைங்க. போன் தண்ணில விழுந்தா பெரியவங்க அதே விஷயத்தை மறுபடி அதே மாதிரி சொல்ல மாட்டாங்க.

2. ஒரு ஆள், ஒரு நாள், ஒரு கேள்வி

"எங்க அப்பத்தாவோட வாழ்க்கைய எழுதப்போறேன்"னு ஆரம்பிச்சா முடியாது. பொறந்ததுலேர்ந்து வரிசையா எழுதி, கல்யாணம் வரும்போது மூச்சு வாங்கி, அப்படியே டிராஃப்ட் ஃபோல்டர்ல கெடக்கும். ரெண்டாயிரம் ரெண்டாயிரத்தி ஐநூறு வார்த்தைக்கு ஒரே நாள் போதும், சில சமயம் ஒரே ராத்திரி.

நான் எடுத்தது 1964 டிசம்பர் 22 ராத்திரி. தனுஷ்கோடிய அழிச்ச புயல். அப்பத்தாவுக்கு அப்ப 19 வயசு, பாம்பன்ல கரையோரமா வீடு. எங்க வீட்டுல ஒரு கதை உண்டு: அன்னிக்கு ராத்திரி பாம்பன்லேர்ந்து தனுஷ்கோடி போன 653 பாசஞ்சர்ல தாத்தா போயிருக்கணும், டீ குடிக்கப் போனதால ரயில விட்டுட்டாரு, அதனாலதான் நாங்கல்லாம் பொறந்தோம். அந்த ரயிலைக் கடல் அடிச்சுட்டுப் போயிடுச்சு, ஒருத்தர் கூட மிஞ்சல.

என் கேள்வி, "அந்த டீ எந்தக் கடையில குடிச்சாரு?" சின்னக் கேள்வியா எடுங்க. பெரிய கேள்விக்கு எல்லாரும் பெரிய பதிலா, பேப்பர்ல வர்ற மாதிரியே சொல்லுவாங்க. சின்னக் கேள்விதான் ஆளை அந்த இடத்துக்கே கூட்டிட்டுப் போகும்.

3. கேக்கப் போறது

இதுதான் மொத்த வேலைல முக்கியமானது, கொஞ்சம் பொறுமையா படிங்க.

தனியா கேளுங்க. வீட்டுல எல்லாரும் சுத்தி உக்காந்திருக்கும்போது கேட்டா, அப்பத்தா ஒரு வரி சொல்லும், மீதிய சித்தப்பா சொல்லிடுவாரு. அவரு அப்ப பொறக்கவே இல்ல.

"உங்களுக்கு எப்படி இருந்துச்சு, பயந்தீங்களா"ன்னு கேக்காதீங்க. பயந்தோம்னுதான் சொல்லுவாங்க, வேற என்ன சொல்லுவாங்க. பொருளைக் கேளுங்க. ராத்திரி என்ன சாப்பிட்டீங்க, மீதிச் சோத்துல தண்ணி ஊத்தி வச்சீங்களா, கதவு எந்தப் பக்கம் திறக்கும், கொடியில துணி கெடந்துச்சா. நான் பயத்தைப் பத்தி மூணு தடவை கேட்டும் ஒண்ணும் வரல, கிணத்தைப் பத்தி கேட்டேன், உடனே வந்துச்சு: "மறுநா கெணத்துத் தண்ணி வாயில வைக்க முடியலய்யா, ஒரே கரிப்பு. பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சிப்புட்டு ஊட்டுனா துப்புது." புயலைப் பத்தி எனக்குக் கெடச்ச எல்லாத்தையும் விட இந்த ஒரு வரிதான் பெருசு.

அவங்க நிறுத்தினா நீங்க பேசாதீங்க. அந்த மௌனத்தை நிரப்புறதுக்கு நமக்கு வாய் துடிக்கும். பத்து செகண்ட் பொறுத்தா அடுத்த வரி அவங்ககிட்டேர்ந்தே வரும், நாம வாயத் தொறந்தா நம்ம கதைதான் வரும்.

முக்கா மணி நேரத்துக்கு மேல உக்காத்தி வைக்காதீங்க, வயசானவங்களுக்கு அசதி வந்தா சுருக்கமா சொல்லி முடிச்சிடுவாங்க. ரெண்டு வாரம் கழிச்சு அதே கேள்விய மறுபடி கேளுங்க. ரெண்டு தடவையும் ஒரே மாதிரி, ஒரே வார்த்தையில வந்தா அது சொல்லிச் சொல்லித் தேஞ்ச கதைன்னு சந்தேகப்படணும். மாறி வந்தா, மாறின இடத்துலதான் விஷயம் இருக்கு. டீக்கடை கேள்விக்கு அப்பத்தா முதல் தடவை ஸ்டேஷன் வாசல்னு சொல்லுச்சு, ரெண்டாவது தடவை "அதெல்லாம் யாருக்குத் தெரியும்"னு எந்திரிச்சுப் போயிடுச்சு.

4. சொன்னதை சரிபாக்குறது

இது சொன்னவங்களைப் பொய்யாக்குற வேலைன்னு நெனச்சு நெறைய பேரு தாண்டிப் போயிடுறாங்க. இல்ல, ஞாபகம்ங்கிறது அப்படித்தான் இருக்கும், அதை சரிபாக்கும்போது கதை மெலியாது, கனமாகும்.

முதல்ல தேதி. பெரியவங்க இங்கிலீஷ் தேதி சொல்ல மாட்டாங்க, "குரோதி வருசம் மார்கழி"ம்பாங்க. தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருக்கா சுத்தி வரும், 2024-25 குரோதி, அறுபதைக் கழிச்சா 1964-65, சரியா பொருந்துது. கிழமை பாத்தேன், செவ்வாய். நிலா பாத்தேன். அப்பத்தா "அம்மாவாசை இருட்டு"ன்னு அடிச்சு சொன்னுச்சு, ஆனா அந்த வருஷம் டிசம்பர் 19 பௌர்ணமி, சந்திர கிரகணம் வேற. அப்போ புயல் ராத்திரி பௌர்ணமி முடிஞ்சு மூணாம் நாள். அப்பத்தா பொய் சொல்லல, மேகம் மூடினதுல நிலாவே தெரியல, அதுக்கு அது அம்மாவாசைதான். நான் எழுதினது: "பௌர்ணமி கழிஞ்சு மூணே நாள், ஆனா அப்பத்தாவுக்கு அது அம்மாவாசையாத்தான் ஞாபகம் இருக்கு." சரிபாக்கலன்னா இந்த வரி எனக்குக் கெடச்சே இருக்காது.

அடுத்து காலத்துக்கு ஒவ்வாத பொருள். இதுல விழாத ஆளே இல்ல. ஒருத்தர் அவரோட பெரியப்பா 1964ல மதுரைலேர்ந்து நேரா ராமேஸ்வரத்துக்கு பஸ்ல வந்து எறங்கினதா எழுதியிருந்தாரு. பாம்பன்ல ரோட்டுப் பாலம் திறந்ததே 1988ல, அதுவரைக்கும் தீவுக்கு ரயில், இல்லன்னா படகு. இன்னொருத்தர் "தமிழ்நாடு அரசு அதிகாரிகள்"னு எழுதியிருந்தாங்க, அப்ப அது சென்னை மாநிலம், பேரு மாறினது 1969 ஜனவரில. இந்த மாதிரி ஒண்ணு மாட்டினா, விவரம் தெரிஞ்ச வாசகர் அதுக்கப்புறம் நீங்க சொல்ற எதையும் நம்ப மாட்டாரு.

ஆனா பேச்சுல வர்றதைத் திருத்தாதீங்க. நயா பைசா 1957லயே வந்துடுச்சு, அப்பத்தா 1964 கதைல "எட்டணா"ன்னுதான் சொல்லுது. ஜனங்க அப்படித்தான் பேசினாங்க, அதை ஐம்பது பைசான்னு மாத்துனா உயிர் போயிடும்.

எங்க தேடுறது? முதல்ல வீட்டு டிரங்குப் பெட்டி. அப்புறம் பழைய பத்திரிகை, சென்னைல இருந்தா எழும்பூர்ல கன்னிமாரா நூலகமும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இருக்கு, தரமணில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கு. அதே புயல் இலங்கையோட வடக்கையும் அடிச்சுது, தலைமன்னார் பக்கத்துக் கதை எழுதுறவங்க நூலகம் வலைத்தளத்துல ஸ்கேன் பண்ணி வச்சிருக்குற பழைய இதழ்களைத் தேடிப் பாருங்க.

எண்ணிக்கை ஒத்துப்போகலன்னா என்ன பண்றது? அந்த ரயில்ல 110 பயணிகளும் 5 ஊழியர்களும் போனாங்கன்னு பரவலா இருக்கு, டிக்கெட் இல்லாம ஏறினவங்களையும் சேத்தா 200க்கு மேலன்னு இன்னொரு கணக்கு. பெரிய எண்ணை எடுத்தா கதை பெருசாகும்னு ஆசை வரும். ரெண்டையும் சொல்லிட்டு, ஏன் ரெண்டு கணக்குன்னும் ஒரு வரி எழுதிடுங்க. டிக்கெட் வாங்காதவங்க சாவுக் கணக்குல கூட வரலங்கிறதே ஒரு செய்திதான.

சரி, டீக்கடை. டிரங்குப் பெட்டில ஒரு புரோநோட்டு, அதாவது கடன் வாங்கினதுக்கு எழுதிக் கொடுக்குற சீட்டு கெடச்சுது, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அது மேல தாத்தா கையெழுத்து. கடனை அடைச்சு திருப்பி வாங்கி வச்சிருக்காரு. பரமக்குடில எழுதினது. தேதி 22-12-64.

எனக்கு கை நடுங்கிடுச்சு, அன்னிக்கு ராத்திரியே உக்காந்து "தாத்தா ஊர்லயே இல்லை"ன்னு முழுசா எழுதிட்டேன். அது தப்பு. பகல்ல பரமக்குடில கையெழுத்து போட்டவரு சாயங்கால ரயில்ல பாம்பன் வந்திருக்கலாமே? ஒரு காகிதம் ஒரு விஷயத்தைத்தான் சொல்லும், அதுக்கு மேல நாம ஏத்துறது எல்லாம் ஊகம். அதனால புரோநோட்டை எடுத்துட்டுப் போய் அப்பத்தா கையில கொடுத்தேன், ஒண்ணும் கேக்கல. ரொம்ப நேரம் அந்த ஸ்டாம்பையே தடவிக்கிட்டு இருந்துச்சு. அப்புறம், "அவுக ஊர்லயே இல்லய்யா. பாலம் போனப்புறம் ஒரு வாரங் கழிச்சு மண்டபத்துலேர்ந்து வள்ளத்துலதான் வந்தாக. கடன் வாங்கப் போனாகன்னு ஊருக்குள்ள எப்பிடிச் சொல்றது?"

அப்ப என் கட்டுரை மாறிடுச்சு. புயலைப் பத்தின கட்டுரை, கடனை மறைக்க ஒரு டீக்கடைய உண்டாக்கின 19 வயசுப் பொண்ணைப் பத்தினதா ஆயிடுச்சு. இப்படி மாறும்னு எதிர்பாத்து விட்டுக்கொடுங்க. முதல்ல எழுதி வச்சவங்களால விட்டுக்கொடுக்க முடியாது, எழுதின பக்கத்து மேல பாசம் வந்துடும்.

5. இடத்துக்கு ஒரு தடவை போங்க

போகும்போது ஞாபகம் வச்சுக்க வேண்டியது, நீங்க பாக்குறது இன்னிக்கி இருக்குற இடம். தனுஷ்கோடியத் தாண்டி கடைசி முனையான அரிச்சல்முனை வரைக்கும் போற தார் ரோடு 2017ல திறந்தது. இடிஞ்ச சர்ச்சு, தண்ணித் தொட்டி எல்லாம் இன்னிக்கி சுற்றுலா இடம், பக்கத்துலயே சங்கு மாலை விக்கிறாங்க. அதை 1964க்குள்ள கொண்டு போகாதீங்க.

அப்ப எதுக்குப் போறது? மாறாததை எடுக்க. காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருது, மணல் காலுக்கு எப்படி இருக்கு, ஸ்டேஷன்லேர்ந்து கரைக்கு நடக்க எத்தனை நிமிஷம். முடிஞ்சா சம்பந்தப்பட்டவங்களையும் கூட்டிட்டுப் போங்க, வீட்டுல உக்காந்து வராதது அங்க நின்னா வரும்.

6. ஸீன் பிரிக்கிறது

இப்பத்தான் பேனா. எல்லாத்தையும் ஸீனா எழுத முடியாது, எல்லாத்தையும் சுருக்கிச் சொன்னா செய்தித்தாள் ஆயிடும். மூணு நாலு ஸீன் போதும். எதை ஸீனாக்கறதுன்னு ஒரே சோதனைதான்: நோட்டுல அந்த நேரத்துக்கு அஞ்சு ஆறு பொருளாவது எழுதி இருக்கா? இருந்தா ஸீன். இல்லன்னா ரெண்டு வரில கடந்து போயிடுங்க. பொருள் இல்லாத இடத்துல ஸீன் போட்டா, அங்கதான் பொய் நுழையும்.

என் முதல் டிராஃப்ட்ல இப்படி இருந்துச்சு: "கடல் ஆவேசத்தோடு பொங்கி எழுந்து ஊரை விழுங்கியது." யாரு பாத்தா? அப்பத்தா கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருந்துச்சு. திருத்தினது: "கதவுக்கு அடியில் தண்ணீர் வந்தது. அப்பத்தா முதலில் அரிசிப் பானையைத் தூக்கி பரண் மேல் வைத்தது, அப்புறம்தான் பிள்ளையைத் தூக்கியது. அதை இன்று வரைக்கும் சொல்லிச் சொல்லி வருத்தப்படுகிறது." இது முழுக்க அது வாயால சொன்னது. ஆவேசம், விழுங்கியதுன்னு எந்த வார்த்தையும் இதுக்கு கிட்ட நிக்காது.

ஆரம்பம் பத்தி ஒண்ணு. பிரபலமான விஷயத்துல ஆரம்பிக்கணும்னு தோணும். ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அப்ப ராமேஸ்வரத்துல மாட்டிக்கிட்டாங்க, புயல்ல உடைஞ்ச பாம்பன் ரயில் பாலத்தை 46 நாள்ல சரிபண்ணின ரயில்வே என்ஜினியர் ஸ்ரீதரன், இதெல்லாம் நல்ல விஷயந்தான், ஆனா உங்க ஆளு இவங்களைப் பாக்கலன்னா உங்க கட்டுரைல அவங்களுக்கு எடமில்ல. நான் ஒரு முழுப் பத்தி எழுதி வெட்டினேன், வயிறு எரிஞ்சுது.

7. பேச்சும் மனசும்

அறுபது வருஷத்துக்கு முன்னாடி பேசினது வார்த்தைக்கு வார்த்தை யாருக்கும் ஞாபகம் இருக்காது. அதனால மேற்கோள் குறிக்குள்ள நான் போடுறது ரெண்டே விஷயம்: என் ரெக்கார்டர்ல இருக்குறது, இல்லன்னா "அப்ப அவரு இப்படித்தான் சொன்னாரு"ன்னு அவங்க திருப்பிச் சொன்னது. ரெண்டாவதுக்கு "என்று சொன்னதாக அப்பத்தா சொல்கிறது"ன்னு ஒரு வால் இருக்கும். படிக்கிறதுக்கு இடைஞ்சல்னு நெனப்பீங்க, இல்ல. நம்ம ஊர்ல கதை சொல்றதே "அப்படின்னுச்சாம்", "வந்தாராம்"னுதான. அந்த "ஆம்" விகுதி இந்த வேலைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு, தாராளமா பயன்படுத்துங்க.

செத்துப் போனவங்க மனசுக்குள்ள போகாதீங்க. "வள்ளத்தில் உட்கார்ந்திருந்த தாத்தா தன் கடனை நினைத்துக் கலங்கினார்"னு எழுதினா அது புனைவு. நான் எழுதினது: "மடியில் பணம் இருந்திருக்கும். வீடு இருக்குமா என்று தெரிந்திருக்காது." இருந்திருக்கும், தெரிந்திருக்காது, இந்த வினைமுடிவு வந்ததுமே வாசகருக்குப் புரிஞ்சிடும் இது ஊகம்னு. ஆனா பக்கத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல வந்தா நீங்க போதுமான அளவு கேக்கலன்னு அர்த்தம், மறுபடி மூணாவது படிக்குப் போங்க.

ரெண்டு ஆளை ஒரே ஆளாக்கறது, நாலு நாளை ஒரே நாளாக்கறது, இதெல்லாம் சிலர் செய்றாங்க. என் கருத்து, வேணாம். அப்படிச் செஞ்சே ஆகணும்னா சிறுகதைன்னு பேரு போட்டு வெளியிடுங்க, அதுல ஒரு குறையும் இல்ல.

8. எந்தத் தமிழ்ல

கதை சொல்றது எழுத்துத் தமிழ், ஆளுங்க பேசுறது அவங்க பேச்சுத் தமிழ், புதுசா எழுதுறவங்களுக்கு இதுதான் வசதி. அப்பத்தா பேச்சை "கடன் வாங்கச் சென்றார் என்று எவ்வாறு கூறுவது"ன்னு மாத்தினா அது அப்பத்தாவே இல்ல. அதே சமயம் ஒவ்வொரு எழுத்தையும் வட்டார உச்சரிப்புக்கு முறுக்காதீங்க, "அவுக", "வந்தாக", "மறுநா"ன்னு நாலஞ்சு போதும், காது மீதியத் தானா கேட்டுக்கும்.

நிகழ்காலத்துல எழுதுறது, அதாவது "நான் நடக்கிறேன், கதவைத் திறக்கிறேன்", இப்ப எல்லாரும் எழுதுறாங்க. எனக்கு அது சினிமா ஸ்கிரிப்ட் மாதிரி இருக்கு. விருப்பம்.

உங்களைப் பத்தி, அதாவது "நான்" எவ்வளவு வரணும்னா, தேடின இடத்துல மட்டும். புரோநோட்டை எடுத்தது நான், அதனால அங்க நான் இருக்கேன். கிணத்தடில எனக்கு வேலை இல்ல.

9. வெளியிடுறதுக்கு முன்னாடி

எழுதினதை சம்பந்தப்பட்டவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க. கொடுத்துட்டு வராதீங்க, பக்கத்துல உக்காந்து வாய்விட்டு படிங்க, முகம் மாறுற இடத்தைக் குறிச்சுக்கோங்க. அப்பத்தா எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு, "தொகைய மட்டும் எழுதாதய்யா, கொடுத்தவுக பேரும் வேணாம்"னு சொல்லுச்சு. எழுதல. இங்கயும் எழுதல.

சட்டமும் கொஞ்சம் தெரிஞ்சு வச்சுக்கணும். "உண்மையத்தான எழுதினேன்"ங்கிறது மட்டும் கிரிமினல் அவதூறு வழக்குல காப்பாத்தாது. பழைய ஐபிசி, அதாவது இந்திய தண்டனைச் சட்டத்துல 499, இப்ப பாரதிய நியாய சன்ஹிதால 356, ரெண்டுலயும் அது உண்மையா இருக்கணும், பொது நன்மைக்காகவும் இருக்கணும். செத்தவங்களைப் பத்தி என்ன வேணா எழுதலாம்ங்கிறதும் தப்பு, குடும்பத்தைப் புண்படுத்துற நோக்கத்தோட எழுதினா அதுவும் அவதூறுல வரலாம். ஒருத்தரோட சொந்த வாழ்க்கைய அனுமதி இல்லாம எழுதறது பத்தி 1994ல உச்ச நீதிமன்றம் ஆட்டோ சங்கர் சுயசரிதை வழக்குல தீர்ப்பு சொல்லியிருக்கு: பொது ஆவணத்துல இருக்குறதை எழுதலாம், அதுக்கு மேல போனா சம்மதம் வேணும். பாலியல் வன்முறைக்கு ஆளானவங்க அடையாளம் மட்டும் ஆவணத்துல இருந்தாலும் கூடாது. சந்தேகமா இருந்தா ஒரு வக்கீல்கிட்ட கேட்டுடுங்க.

பேரை மாத்தினா கட்டுரைலயே "பேர் மாற்றப்பட்டுள்ளது"ன்னு சொல்லிடணும். பேரோட தொழிலையும் ஊரையும் சேத்து மாத்தினா அது வேற ஆளு, அப்ப அது வேற கதை.

10. வெளியிட்டப்புறம்

வேலை முடியல. போன் வரும். என் கட்டுரை வந்து நாலாம் நாள் பாம்பன்லேர்ந்து ஒரு தூரத்துச் சொந்தம் கூப்பிட்டு, "நீ பள்ளிக்கூடத்துல போய் ஒண்டினாங்கன்னு எழுதியிருக்க, அது பள்ளிக்கூடம் இல்ல, கோயிலு, மாதா கோயிலு"ன்னு சத்தம் போட்டாரு. இந்த மாதிரி வந்தா வாதாடாதீங்க, "அப்படியா, நீங்க எங்க நின்னீங்க?"ன்னு கேட்டு ரெக்கார்டரை ஆன் பண்ணுங்க. சரின்னு தெரிஞ்சா கட்டுரைக்கு அடியில தேதி போட்டு திருத்தம் எழுதுங்க. சத்தமில்லாம உள்ள மாத்திடாதீங்க, முன்னாடி படிச்சவருக்கும் தெரியணும்.

நான் திருத்தம் எழுதறதுக்கு முன்னாடி அப்பத்தாகிட்ட போய் கேட்டேன், பள்ளிக்கூடமா, கோயிலா. வெத்தலைய மடிச்சுக்கிட்டே சொல்லுச்சு: "ரெண்டும் ஒரே கட்டடந்தான்யா. ஞாயித்துக்கிழமைன்னா கோயிலு."